கை அளவு கேட்டவர்

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து நியூயார்க் போகும் காலைப் பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் வருவார் அவர். ஐம்பதை நெருங்கும் வயது, கசங்காத சட்டை, கழுத்தில் அலுவலக அட்டை. மற்றவர்கள் தூங்கும்போது அவர் மஞ்சள் நூலில் ஒரு கார்டிகன் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பார். தமிழர் என்று தெரிந்த பிறகும் நாங்கள் அதிகம் பேசியதில்லை.

ஒரு நாள் நான் மகளிடம் ஃபோனில் பேசி முடித்ததும் அவராகவே கேட்டார். "உங்க பொண்ணுக்கு என்ன வயசுங்க?"

"பன்னெண்டு."

"என் பொண்ணுக்கும் அதேதான். அவளுக்குத்தான் இதைப் பின்றேன். உங்க பொண்ணோட கை நீளத்தைக் கொஞ்சம் அளந்து சொல்றீங்களா? பின்றதுக்கு வச்சிருக்கற பேட்டர்ன்ல போட்டிருக்கற அளவு பருமனான உடம்புக்கு. இவ ஒல்லி, அதனால சுத்தளவைக் குறைச்சுட்டேன். கைதான் ஞாபகத்துல பின்னியிருக்கேன்."

"வீட்லயே அளந்து பாக்கலாமே சார்?"

"அவ அம்மாவோட ரொம்ப தூரத்துல, ஃபிரிஸ்கோல இருக்கா. டிவோர்ஸ் ஆயிடுச்சு. பாத்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஃபோன் பண்ணாலும் எடுக்க மாட்டேங்கறா."

மறுநாள் அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை பதினாறு இன்ச் என்று சொன்னேன். அவர் பின்னியிருந்தது பதின்மூன்று.

"அவ்ளோ வளந்திருப்பாளா?" என்றார்.

பிறகு மணிக்கட்டுப் பட்டியைப் பிரித்து, கையை நீட்டிப் பின்னத் தொடங்கினார். நடுவில் நிறுத்தி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மூன்று இன்ச் அளவுக்கு விரித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதமே எனக்கு வீட்டிலிருந்து வேலை என்றாகிவிட்டது. கார்டிகன் ஃபிரிஸ்கோ போய்ச் சேர்ந்ததா, அந்தப் பெண் போட்டுப் பார்த்தாளா, தெரியாது. என் மகளுக்குச் சட்டைக் கை குட்டையாகும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.