சிவப்புக் கோடுகள் தெரிந்த கறுப்புக் கார்

கந்தப்பளையில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். நுவரெலியாவிலிருந்து வந்த பஸ் எனக்கு எதிரே நின்றது. சாரதி தலையை வெளியே நீட்டினார்.

"சார், விஷயம் தெரியுமா? ரோசலின் டீச்சர் போயிட்டாங்க."

"எங்க?" என்று கேட்டேன்.

அவர் இஞ்சினை நிறுத்தினார். அந்த அமைதியில்தான் எனக்குப் புரிந்தது.

டீச்சரை அறிந்த நீங்களும் அதையேதான் கேட்டிருப்பீர்கள். அவர் எப்போதும் எங்காவது போய்க்கொண்டிருந்தவர். ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு படுத்திருக்கிறார் என்பது தெரியும். அங்கிருந்தும் எங்கோ புறப்பட்டுவிட்டார் என்றே என் புத்தி நினைத்துக்கொண்டது. நாற்பது வயதுகூட ஆகாதவர்.

நினைவு மலருக்கு எழுத உட்கார்ந்தால் துக்கம் வரும் என்று எண்ணினேன். வந்தது. ஆனால் அதை முழங்கையால் இடித்துக்கொண்டு வேறொன்று முன்னால் வந்து நிற்கிறது. ஒரு துள்ளல். ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு சனிக்கிழமை. அவற்றைச் சொல்லாமல் என்னால் அழவும் முடியாது.

பேராதனையில் படிப்பை முடித்துவிட்டு, அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு நான் போனேன். ஒரே மண்டபம். அந்தப் பக்கம் டீச்சரின் வகுப்பு, இந்தப் பக்கம் என்னுடையது. முதல் வாரமே மூடுபனி கதவு வழியாக உள்ளே நுழைந்து பிள்ளைகளை ஒவ்வொருவராக அழித்துக்கொண்டு வந்தது. நான் பாடத்தை நிறுத்திவிட்டேன். மறுபக்கத்திலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது. "பலகை தெரியலையா? அப்ப காதால படிங்க. ஏழாம் வாய்ப்பாடு, எல்லாரும்!" வெள்ளைக்குள் ஏழாம் வாய்ப்பாடு முழங்கியது. நானும் சேர்ந்து சொன்னேன்.

அவர் அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவர். தேயிலைக் கொழுந்து பறித்த தாயின் மகள். எங்களுக்கு அவர் நண்பர், நையாண்டிக்காரர், பாடசாலையின் பாதி.

கார் கதைக்கு வருகிறேன்.

டீச்சருக்கும் ஹட்டனில் ஒரு காரியாலயத்தில் வேலை பார்த்த சேவியருக்கும் கல்யாணம் நிச்சயமானது. இருவரும் விரும்பிச் செய்த முடிவு. நிச்சயதார்த்தத்தன்று சேவியரின் தாய்மாமன் தேநீர்க் கோப்பையோடு எழுந்து நின்று சபைக்கு ஒரு பகிடி சொன்னார். "பொண்ணு தோட்டத்துப் பொண்ணு. கொழுந்து லொறியிலதான் வந்து இறங்கும். கொழுந்தோட கொழுந்தா நிறுத்து எடுத்துக்கிட்டாப் போச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள். சேவியரும் சிரித்தார்.

டீச்சர் சிரிக்கவில்லை. நானும் அவர்களோடுதான் திரும்பி வந்தேன். வீட்டு வாசலில் நின்று தம்பி அந்தோனியிடம் சொன்னார்: "நான் காருல போவேன். நானே ஓட்டிக்கிட்டுப் போவேன். அவருக்கு அது ஒரு பரீட்சை. என்னா செய்றாருன்னு பாப்போம்."

மாமனின் பேச்சல்ல, சேவியரின் சிரிப்புத்தான் அவரைச் சுட்டது என்பதை அப்போதுதான் அறிந்தேன். அந்தக் கல்யாணம் நடக்கும். ஆனால் எப்படிப்பட்ட கல்யாணம்? அதைத்தான் அவர் தெரிந்துகொள்ள விரும்பினார்.

அந்தோனி கொழுந்து லொறி ஓட்டுபவர். அக்காவுக்கு லொறி ஓட்டப் பழக்கியவரும் அவரே. ஊருக்குப் போய்விட்ட ஒரு வெள்ளைக்காரத் துரை பாதையோரக் கானுக்குள், வடிகாலுக்குள், விட்ட கார் ஒன்று கூரைக்கொட்டகையில் கிடந்தது. அதை வாங்கி ஓடவைத்தார்கள். எங்கள் பாதையில் கார் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது வரும்போது நாம் குடையை மடக்கிக்கொண்டு ஒதுங்கி நிற்கிற பொருள்.

இஞ்சின் ஓடியது. உடம்புதான் தோல் உரிந்த மாதிரி இருந்தது. அந்தோனி அதைச் சுரண்டி, அடிப்பூச்சாகச் செம்மண் நிறப் பெயிண்ட் அடித்து, அது காய்ந்ததும் மேலே கறுப்புப் பெயிண்டை விசிறி அடித்தார். அடித்துக்கொண்டிருக்கும்போதே பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்துவிட்டது. நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். கறுப்புக் கார் கண்ணெதிரே சாம்பல் பூத்தது. கால்மணி நேரத்தில் அடுப்பிலிருந்து எடுத்த கொள்ளிக்கட்டை போல ஆகிவிட்டது.

அந்தோனி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். "லொறியக் கழுவித் தரேன்க்கா. பூ கட்டித் தரேன்."

"லொறியில போறதுக்கு நான் நடந்தே போவேன்" என்றார் டீச்சர்.

மறுநாள் பாடசாலை விட்டதும் ஹட்டனில் ஹனிபா நானாவின் கடைக்கு அவரோடு போனேன். ஆணி முதல் பெயிண்ட் வரை விற்கும் கடை. நானா விஷயத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"பனியையும் சேத்துல்லவா பெயிண்ட் அடிச்சிருக்கீங்க டீச்சர்! பயப்படாதீங்க. வெள்ளை மேலால மட்டுந்தான் ஈக்குது. தண்ணி போட்டு உரசுற தாள் தாறேன். சவுக்காரத் தண்ணியில நனைச்சு நனைச்சு மெதுவா உரசுங்க. மினுக்கம் போய் முழுசா மங்கிரும். அப்ப அழக்கூடாது. பொறகு இந்தப் பசையைத் துணியில எடுத்துத் தேய்ங்க. கறுப்பு எழும்பி வரும்."

"எழும்பி வருமா?"

"வராட்டி காரை என் கடை வாசல்ல கொண்டாந்து நிப்பாட்டுங்க. நான் அதுக்குள்ள உக்காந்து யாவாரம் பண்றேன்."

ஞாயிற்றுக்கிழமை. கல்யாணத்துக்கு முந்திய ஞாயிறு. மலையில் வேலையில்லை. டீச்சர் லயத்துப் பெண்களை அழைத்திருந்தார். மலைநீர் விழும் பீலியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர். பழைய லொறி ரயரிலிருந்து வெட்டிய ரப்பர்த் துண்டுகள், தாளைச் சுற்றிப் பிடிக்க. டீச்சர் பலகையில் எழுதும் வெண்கட்டியை எடுத்து காரின்மேல் கோடு போட்டார். இஞ்சினை மூடும் முன்மூடியின் நடுவே ஓடும் முகட்டில் ஒரு கோடு. சக்கரத்து வளைவுகளின் விளிம்பில். கதவு ஓரங்களில்.

"ஆளுக்கு ஒரு நிரை!" என்றார்.

தேயிலை மலையில் கொழுந்தெடுக்க ஆளுக்கொரு வரிசையைப் பிரித்துக் கொடுப்பார்களே, அதுதான் நிரை. பெண்களுக்குக் குஷி தாங்கவில்லை. மூக்காயி அக்கா முன்மூடியின் பாதியைப் பிடித்துக்கொண்டார். மறுபாதியை அவருடைய தங்கை பாக்கியம். எனக்குப் பின்கதவு.

நான் வடிவம் பற்றி நிறையப் படித்திருந்தவன். மேற்பரப்பு, ஆழம் என்றெல்லாம் கட்டுரை எழுதியவன். ஒரு கதவின் மேற்பரப்பைக் கையால் அறிந்ததில்லை. முதலில் தாள் கரகரத்தது. பிறகு தண்ணீர் சேரச் சேர ஓசை மாறியது. வழுக்கியது. சாம்பல் பாலாக வழிந்தது. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

"வாத்தியாரப் பாருங்கடி" என்றார் மூக்காயி அக்கா. "புள்ளைக்குப் பவுடர் பூசுறாரு."

"அவரு நிரை முடியிறதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சு புள்ளையும் பொறந்துரும்."

"பொறக்கட்டும். பவுடர் தயாரா இருக்குல்ல!"

டீச்சர் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். மலையில் வேலை வாங்கும் கண்டாக்கையா போல இடுப்பில் கை வைத்துக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார். "ஓரம், ஓரம்! ஓரத்துல யாரும் விட்டுட்டுப் போகக்கூடாது!" தோட்டத்தில் தினமும் கேட்கும் அதட்டலை அவர் அப்படியே குரல் மாற்றிச் சொன்னார். விளையாட்டுக்குத்தான்.

அங்கேதான் தப்பு நடந்தது.

நிரை ஓரத்தில் கொழுந்தை விட்டால் மலையில் ஏச்சு. பக்கத்து நிரைக்காரி விட்டாளா, நீ விட்டாயா என்று யாரும் கேட்கமாட்டார்கள். இரண்டு பேருக்கும் ஏச்சு விழும். ஆகவே ஓரத்தை இருவருமே எடுத்துவிடுவார்கள். கைகள் அப்படிப் பழகியவை. வெண்கட்டிக் கோடு முதல் வாளித் தண்ணீரிலேயே கரைந்து போயிற்று. ஆனால் கோடு இருந்த இடம் கைகளுக்குத் தெரியும். இந்தப் பக்கத்திலிருந்து மூக்காயி அக்கா, அந்தப் பக்கத்திலிருந்து பாக்கியம். ஒரே முகட்டை இருவரும், அழுத்தி, மறுபடியும் அழுத்தி. முகட்டில்தான் பெயிண்ட் மெலிதாக நிற்கும் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

லொறியை விட்டுவிட்டு வந்த அந்தோனி தலையில் கை வைத்தார். முன்மூடியின் நடுவே நேராக ஒரு செம்மண் கோடு. சக்கர வளைவுகளில் செம்மண் விளிம்பு. நிரையும் நிரையும் சந்தித்த இடமெல்லாம் அடிப்பூச்சு வெளியே வந்திருந்தது.

"எவ இப்புடி ஓரத்த மொட்டையடிச்சது?"

மூக்காயி அக்கா நிமிர்ந்தார். "ஓரத்துல உட்டா அதுக்கு ஏசுவீங்க. உடாம தேச்சா அதுக்கும் ஏசுறீங்க. போ தம்பி, போயி லொறியப் பாரு."

யாரும் சிரிக்கவில்லை. பாக்கியத்தின் கை தாளோடு நின்றுவிட்டது. மிச்சப் பெயிண்ட் இல்லை. இருந்திருந்தாலும் பனி இன்னும் விலகவில்லை, அடித்தால் மறுபடியும் பூக்கும். டீச்சர் முன்மூடியருகே போனார். அந்தச் சிவப்புக் கோட்டின்மேல் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுத்தார். அவர் முகத்தில் நிச்சயதார்த்தத்து முகம் வந்து போனதைப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

"நல்லா நேரா இருக்கு" என்றார் கடைசியில். "நான் போட்ட கோட்டைவிட நேரா இருக்கு. ஓரம் அப்படியே இருக்கட்டும். பசையை எடுங்க. மிச்சக் கறுப்பப் பாப்போம்."

பழைய சேலைத் துணியில் பசையைத் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. ஈரச் சாம்பல் நிறம். பிறகு என் கதவில் உள்ளங்கை அளவுக்கு இருட்டு திறந்தது. கிணற்றை எட்டிப் பார்ப்பது போல. தேய்த்தேன். அகலமாயிற்று. அதற்குள் ஒரு முகம், ஒரு மலை, மலைமேல் பனி. என் முகம்! கத்திவிட்டேன் என்று பிறகு சொன்னார்கள். அந்தப் பக்கத்திலிருந்து மூக்காயி அக்காவும் கத்தினார்.

"அடியே, இந்தக் கெழவி யாருடி உள்ளுக்கு?"

"நீதான்க்கா."

"நானா? பரவாயில்லையே. நல்லாத்தான் இருக்கேன்!"

அதன் பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. மாலைவரை தேய்த்தார்கள். மெழுகு பூசித் துடைத்தார்கள். ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி, இடையிடையே சிவப்பு வரப்பு.

சனிக்கிழமை காலை நான் கத்தோலிக்கக் கோவில் வாசலில் நின்றிருந்தேன். சேவியர் புது உடுப்பில். பக்கத்தில் மாமன். ஹட்டன் வீதியின் ஏற்றத்தில் ஹோர்ன் சத்தம் கேட்டது. நீளமான, வெட்கமில்லாத ஹோர்ன். கார் வளைவில் திரும்பியது. வெள்ளைச் சேலையில் டீச்சர் சாரதி ஆசனத்தில், சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு. பக்கத்தில் அவருடைய அப்பா, பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு. பின்னாலேயே அந்தோனியின் லொறி நிறைய லயத்துச் சனம். வாசலில் கார் நின்றபோது கோபுரம் முழுவதும் முன்மூடிக்குள் தலைகீழாகத் தெரிந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. தட்டினேன்.

மாமன் காரைச் சுற்றிப் பார்த்தார். "அதென்ன செவப்புக் கோடு? புது மோஸ்தரா?"

"எங்க நிரை, மாமா" என்றார் டீச்சர். "ஒவ்வொரு கோட்டுக்கும் ரெண்டு பக்கமும் ஆளு இருக்கு. அந்தா, லொறியில இருந்து இறங்குறாங்க பாருங்க."

பூசை முடிந்தது. மோதிரம், மாலை, படம். மாப்பிள்ளையும் பெண்ணும் காரில் ஏறுவார்கள் என்று எல்லோரும் காத்திருந்தோம். டீச்சர் மாலையோடு காரிடம் போய் இஞ்சினை ஓடவிட்டு, நான்கு கதவுகளையும் திறந்தார். மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. லொறியருகே ஒதுங்கி நின்ற பெண்களைப் பார்த்தார்.

"ஏறுங்க."

மூக்காயி அக்கா பின்வாங்கினார். "நாங்களா? சேலையெல்லாம் புழுதி டீச்சர்."

"உரசத் தெரிஞ்ச உங்களுக்கு உக்காரத் தெரியாதா? ஏறுங்க."

ஏறினார்கள். டீச்சரே ஓட்ட, கார் ரயில் நிலையம்வரை போய்த் திரும்பியது. அவர்கள் இறங்க, அடுத்தவர்கள் ஏறினார்கள். மறுபடியும் ஹோர்ன். ஹனிபா நானா கடை வாசலில் எழுந்து நின்று சலாம் வைத்தாராம். கோவில் வாசலில் மாப்பிள்ளை நின்றிருந்தார். மாமனின் கழுத்து சிவந்து வந்தது. "என்னடா இது கூத்து? போய்ச் சொல்லு" என்றார். சேவியர் அசையவில்லை. கார் திரும்பி வந்தபோதெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிச் சுற்று. பின்னால் பாக்கியமும் இன்னும் மூன்று பேரும். முன்னால் ஒரு கைக்குழந்தைக்காரி. இடமேயில்லை. சேவியர் படியிறங்கிப் போனார். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணுக்கும் கதவுக்கும் நடுவே உடம்பைத் திணித்து உட்கார்ந்தார். மாலை நசுங்கியது. டீச்சர் அவரைத் திரும்பிப் பார்த்தார். நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவரைப் பார்த்து, முழுதாக, பல் தெரியச் சிரித்தார். கார் கிளம்பியது.

வாசற்படியில் மாமனும் நானும் மட்டும்.

டீச்சர் எனக்கு விட்டுப்போனது எது என்று சாரதி பஸ்ஸை நிறுத்திய அன்றிலிருந்து யோசிக்கிறேன். அறிவுரை எதுவும் அவர் சொன்னதில்லை. ஒரு சொல் இருக்கிறது. நான்கு கதவும் திறந்திருக்க, ஓடும் இஞ்சினோடு, பின்வாங்குகிறவர்களைப் பார்த்து அவர் சொன்னது. என் வகுப்பில், வெளியில், தயங்கி நிற்கும் யாரைப் பார்த்தாலும் இப்போது அது அவருடைய குரலிலேயே என் வாயில் வருகிறது.

ஏறுங்க.