நாற்காலி ஏலத்துக்கு நல்ல வேளை

வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வருகிற ஒவ்வொருவரின் வயிற்றையும் உற்றுப் பார்க்கிறார் ஏலக்காரர். முகத்தை அவர் பார்ப்பதே இல்லை. "முகம் ஆயிரம் நடிக்கும் சார். எப்ப சுத்தியலைத் தூக்கலாம்னு வயிறுதான் சொல்லும்" என்பார்.

பழைய மேஜை, பீரோ, தையல் மெஷின் விற்கும் கூடம் அது. பொருள்களைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. வேளையைப் பற்றித்தான் பேச்செல்லாம். காலை ஏலம் அறவே ஆகாது. "குளிச்ச ஈரம் காயாதவனுக்குப் புத்தி தெளிவா இருக்கும். அவன்கிட்ட என்னத்த விக்கிறது?" மாலையும் உதவாது, வீட்டில் என்ன பதில் சொல்வது என்ற கவலை ஆண்களுக்கு அப்போதுதான் பிறக்குமாம். மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்புதான் உத்தமம். "பசிக்கிறவனுக்குப் பொருளா முக்கியம்? முடிஞ்சாப் போதும் சார்." பக்கத்து ஹோட்டலில் தாளிக்கும் வாசனை ஜன்னல் வழியே வந்ததும், தொண்டையைக் கனைத்துக்கொண்டு மேடை ஏறுவார்.

சாப்பாட்டுக்குப் பிந்தைய வேளையை ஒரே ஒருமுறை முயன்றார். கூடமே கண்ணயர்ந்தது. தூக்கத்தில் ஒருவர் தலை தொங்க, ஒரு பீரோவை அந்தத் தலையிலேயே கட்டிவிட்டார். சண்டைக்கு வந்தவருக்குப் பதில் சொல்ல அன்று மாட்டிய பலகை இன்றும் சுவரில் இருக்கிறது: 'தலை அசைந்தால் ஏலம் கேட்டதாகக் கொள்ளப்படும்.'

வீட்டில் அவருக்கு ஒரு சாய்வு நாற்காலி உண்டு. உட்கார்ந்தால் முனகும், எழுந்தால் அழும். வேளை ஆராய்ச்சி முழுவதும் அதில் சாய்ந்தபடிதான். போன வாரம், கூடத்தின் கல்லாவைக் கவனிக்கும் அவர் மனைவி கேட்டார்:

"ஊர்ப் பழசையெல்லாம் தள்ளி விடுறீங்க. நம்ம வீட்டுப் பழச எப்பத் தள்ளப் போறீங்க?"

"எந்தப் பழச?"

"முதல்ல நாற்காலிய."

அந்த 'முதல்ல'வைக் கேட்டபின் அவருக்கு வாதாடும் துணிவில்லை. கெஞ்சி இரண்டு சலுகைகள் மட்டும் வாங்கினார். வேளையை அவர்தான் குறிப்பார். மூன்று தரம் கூவியும் யாரும் கேட்காவிட்டால் நாற்காலி வீடு திரும்பும்.

குறித்தார், சாப்பாட்டுக்குப் பின். வந்தவர்களுக்கெல்லாம் பக்கத்து ஹோட்டலில் தன் செலவில் சாப்பாடு. இரண்டாம் முறை சோறு வாங்காதவரை உரிமையோடு கடிந்துகொண்டார். கூடத்துக்குத் திரும்பியதும் திரைகளை இழுத்துவிட்டு, மின்விசிறிகளை முழு வேகத்தில் சுழலவிட்டார். மனைவி கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏலம் தாலாட்டுக் குரலில் தொடங்கியது. "பழைய நாற்காலி... கால் ஒண்ணு ஆடும்... மூட்டைப்பூச்சி இருந்தாலும் இருக்கும்... ஒரு தரம்."

குறட்டை.

"ரெண்டு தரம்."

முன்வரிசையில், எந்த ஏலத்தையும் தவறவிடாத பெயின்ட் கடைக்காரர். அவருடைய தாடை மெல்ல மெல்ல மார்பை நோக்கி இறங்கத் தொடங்கியது.

"ஏங்க, பலகை இன்னும் சுவத்துலதான் இருக்கு" என்றார் மனைவி.

ஏலக்காரர் சுத்தியலும் கையுமாக, ஓசைப்படாமல் மேடையை விட்டு இறங்கினார். பெயின்ட் கடைக்காரரின் தாடைக்கு அடியில் இடது உள்ளங்கையைப் பூப்போலக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, தொட்டில் குழந்தை விழித்துவிடாத குரலில் சொன்னார்:

"மூணு தரம்."