நூறிலிருந்து ஏழு ஏழாக

எங்கள் வீட்டில் எல்லாமே பரீட்சைதான். அம்மா எங்கள் மாதா கோவிலை ஒட்டிய பள்ளியில் டீச்சர். யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால் அதற்கு மார்க் உண்டு, மார்க் இருந்தால் பாஸ் உண்டு, ஃபெயிலும் உண்டு. இந்த ஒரே நினைப்பை வைத்துக்கொண்டு அம்மாவும் நானும் அப்பாவை என்ன பாடு படுத்தினோம் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். எனக்கு அப்போது பத்து வயது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைநாள். கிண்டி தொழிற்பேட்டையில் லேத் மெஷின் வேலையை முடித்துவிட்டு மந்தைவெளிக்குத் திரும்பும் வழியில் அப்பாவின் ஸ்கூட்டர் சறுக்கியது. ஹெல்மெட் என்று ஒன்று வீட்டில் இருக்கத்தான் செய்தது. அதில் அம்மா வெங்காயம் போட்டு வைத்திருந்தாள். அப்பாவின் தலை பிளாட்பாரக் கல்லில் மோதியது. ரத்தம் அதிகமில்லை, ஸ்கேனிலும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. நான்கு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

கிளம்பும் அன்று டாக்டர் ஒரு தாளைப் பார்த்து அப்பாவிடம் கேள்வி கேட்டார். இன்று என்ன கிழமை? மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லுங்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள். மாம்பழம், குடை, சைக்கிள் என்று மூன்று வார்த்தைகளைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்டார். அப்பா தொண்ணூற்று மூன்றைத் தாண்டவில்லை. குடை வரவே இல்லை. பக்கத்தில் நின்ற அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சொந்தப் பிள்ளை ஃபெயிலான மாதிரி இருந்தது.

"மூணு வாரம் கழிச்சு வாங்க. மறுபடி பாத்துட்டுதான் வேலைக்கு ஃபிட்னு எழுதித் தருவேன்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்த அப்பாவுக்கு வெளிச்சம் ஆகவில்லை. குக்கர் விசிலடித்தால் காதைப் பொத்திக்கொண்டார். தக்காளி வாங்கப் போனவர், கடை முன்னால் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். சும்மா இருப்பவர் திடீரென்று கத்துவார், பிறகு அழுவார். அதற்குமுன் அப்பா அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

அம்மாவுக்கு அதைவிடப் பயம். "டீச்சர் வீட்டுக்காரருக்கு மூளையில அடியாமே" என்று பூசைக்கு வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்திருந்தார்கள். ஃபிட் என்று ஒரு காகிதம் கிடைத்தால் அந்த வாய்களையெல்லாம் அடைத்துவிடலாம் என்று அம்மா நம்பினாள். காகிதம் கிடைத்தால் பழைய அப்பா திரும்பி வந்துவிடுவார் என்று நான் நம்பினேன்.

டாக்டர் கேட்ட கேள்விகள் அம்மாவுக்கு ஒன்றுவிடாமல் ஞாபகம் இருந்தன. பழைய விடைத்தாளின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதி என்னிடம் கொடுத்தாள். "நான் டியூஷன் எடுக்குற நேரத்துல நீ அப்பாவுக்குச் சொல்லிக் குடு. தலையில மட்டும் குட்டிடாதடீ!" வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தபோது அப்பா எனக்கு வைத்த குட்டுகளுக்குக் கணக்கே கிடையாது என்பதால், இந்தத் தடை எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது.

தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, அறுபத்தைந்து. கழிக்கவெல்லாம் வேண்டாம், பாட்டு மாதிரி மனப்பாடம் செய்தால் போதும் என்று குறுக்குவழி கண்டுபிடித்தவள் நான்தான்.

"பாப்பா, தல வலிக்குதும்மா. கொஞ்சம் படுத்துக்கட்டுமா?"

"இன்னும் ஒரே ஒரு தடவ சொல்லிட்டுப் படுங்கப்பா."

ராட்சசி! அவரும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

மூன்று வாரம் கழிந்தது. பரீட்சை நாளில் என் நெற்றியில் போடும் சிலுவையை அம்மா அன்று அப்பா நெற்றியில் போட்டாள். ஆஸ்பத்திரியில் அதே தாள், அதே கேள்விகள். அப்பா கடகடவென்று ஒப்பித்தார். டாக்டர் கேட்பதற்கு முன்பே குடையைச் சொல்லிவிட்டார்.

"தலவலி, மயக்கம் ஏதாவது இருக்கா?" என்று டாக்டர் கேட்டதும் அம்மா முந்திக்கொண்டு, "ஒண்ணுமில்ல டாக்டர், நல்லா இருக்காரு" என்றாள். காகிதம் கிடைத்தது. வழியில் மைசூர்பாகு வாங்கினோம். முன்னறையில் அம்மாவும் நானும் அதைத் தின்றுகொண்டிருந்தபோது, அப்பா உள்ளே ஜன்னலைச் சாத்திவிட்டுக் கண்மேல் ஈரத்துண்டைப் போட்டுப் படுத்திருந்தார். பரீட்சை எழுதிய களைப்பு என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை அப்பா வேலைக்குப் போனார். வியாழக்கிழமை நாங்கள் பள்ளி விட்டு வந்தபோது வாசலில் ஆட்டோ நின்றது. அப்பாவோடு வேலை செய்கிறவர் அவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"இன்னா டீச்சரம்மா, இந்த மனுசனப் போய் வேலைக்கு அனுப்பிக்கிறீங்க? மெஷின் ஓடிக்கினு கீது, இவரு பாட்டுக்குக் கைய உள்ள வுடப் போறாரு. நான் சட்டையப் புடிச்சி இஸ்தேன். இல்லாங்காட்டி வெரலே போயிருக்கும்!"

அப்பா ஆட்டோவை விட்டு இறங்காமல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் மூவரும் டாக்டரிடம் போனோம். தலைவலி, தக்காளி, அழுகை எல்லாவற்றையும் அம்மா கொட்டித் தீர்த்தாள். டாக்டர் இந்தத் தடவை தாளை எடுக்கவில்லை. "எண்பதுல இருந்து மூணு மூணா கழிங்க" என்றார். அப்பா எழுபத்தேழில் நின்றுவிட்டார். போன தடவை ஒப்பித்ததெல்லாம் மனப்பாடம் என்று டாக்டருக்குத் தெரிந்துவிட்டது.

"இது பரீட்சை இல்லம்மா" என்றார் டாக்டர். "இந்த மாதிரி அடி ஸ்கேன்ல தெரியாது. கேள்வி கேட்டுக் கேட்டுதான் தேடுறோம். அவருக்கு எது வரலயோ அதுதான் எனக்குத் தெரியணும். அதப் போய் மூடி வெச்சுட்டீங்களே."

மெஷின் பக்கமே போகக் கூடாது, தூக்கம் வரும்போதெல்லாம் தூங்க வேண்டும், முதலில் பத்து நிமிட நடை, தலை வலித்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும் என்று எழுதித் தந்தார். அப்பா மறுபடி வேலைக்குப் போக எட்டு மாதம் ஆயிற்று.

எழுதி முடித்து நிமிர்ந்த டாக்டர், "தல வலிக்குதுன்னு சொல்ற மனுஷன உக்கார வெச்சு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது யாரு?" என்று கேட்டார்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அப்பா என் பக்கம் கைகாட்டுவார் என்று காத்திருந்தேன்.

"யாரும் இல்ல டாக்டர். நானேதான் மனப்பாடம் பண்ணேன்" என்றார் அப்பா.

எனக்கு வந்ததே கோபம்! "இல்ல டாக்டர், நான்தான் சொல்லிக் குடுத்தேன். அப்பாவுக்கு மறந்துபோச்சு!"

டாக்டர் சிரிக்கவில்லை. அப்பா என்னைப் பார்த்து, "ஆமாம்மா, மறந்துட்டேன்" என்றார்.

வீடு வந்து சேரும்வரை நான் அவரோடு பேசவில்லை. மூன்று வாரம் தொண்டை வறளக் கத்தியவளைக் கூடவா மறப்பார் ஒருவர் என்று மனசு ஆறவே இல்லை. டாக்டர் அந்தக் கேள்வியைப் பாராட்டுவதற்காகக் கேட்கவில்லை. அடிபட்ட தலையோடு இருந்தவருக்கு அது உடனே புரிந்துவிட்டது. எனக்குத்தான் புரியவில்லை.