தீர்த்தத்தில் மிதந்த வெள்ளைப் பூ

டென்மார்க்கில் மகள் வீட்டுக்கு நானும் கணவரும் போயிருந்தோம். ஒருநாள் அவள் எங்களை ஒரு பழைய கோட்டைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனாள். ஏரி, புல்வெளி, பெரிய மரங்கள் என்று இயற்கையான காடு போலவே அமைத்திருந்தார்கள். மரத்தடியில் குட்டி மணிகளைக் கோத்தது போல வெள்ளைப் பூக்கள், அப்படியொரு வாசனை! விடியற்காலையில் அடுத்த வீட்டு நந்தியாவட்டையைப் பறித்தே பழகிய கை சும்மா இருக்குமா? சாமிக்குத்தானே என்று நாலு கொத்தைப் பறித்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டேன்.

மறுநாள் பூஜைக்குத் துளசி இல்லை. அந்தப் பூவையே தீர்த்தப் பாத்திரத்தில் போட்டு வைத்தேன். பூஜை முடிந்ததும் கணவர் ஓர் உத்தரணி தீர்த்தத்தைக் குடித்துவிட்டு மகளைக் கூப்பிட்டார். கை நீட்ட வந்தவள் பாத்திரத்தைப் பார்த்து அலறினாள்.

"அம்மா, இதை எங்கேருந்து பறிச்சே? விஷம்மா இது! போட்டு வச்ச தண்ணியும் விஷம். ஹார்ட்டையே பாதிக்கும்!"

அவள் டாக்டருக்குப் போன் செய்தாள். வாந்தியோ தலைசுற்றலோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். நான் கணவரின் மணிக்கட்டைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். "ஒண்ணுமில்லேடி" என்று அவர் சொல்லச் சொல்ல எனக்குப் பயம் கூடியது. சாயங்காலம் "பசிக்கறது, ரசம் இருக்கா?" என்று அவர் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

இப்போது பெயர் தெரியாத பூவில் கை வைப்பதில்லை. ஊர் திரும்பிவிட்டோம், இங்கே வீட்டிலேயே துளசி இருக்கிறது. ஆனாலும் முதல் உத்தரணித் தீர்த்தத்தை நான்தான் குடிக்கிறேன்.

- ஒரு வாசகி, ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்