திரும்பிப் பார்க்காத இருளாயி

இருளாயி மோட்டார் சைக்கிள் லைசென்சுக்கு மூன்று முறை போய் மூன்று முறையும் தோற்றாள். வண்டி ஓட்டத் தெரியாமல் இல்லை. மேடு ஏறுவது, சிவப்புக் கூம்புகளுக்கு நடுவே நெளிந்து போவது, நிறுத்தச் சொன்ன கோட்டில் நிறுத்துவது எல்லாம் சுத்தமாகச் செய்தாள். ஆனால் புறப்படுவதற்கு முன் தலையைத் திருப்பி, பின்னால் ஏதாவது வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதில்தான் மாட்டிக்கொண்டாள்.

“தோலே, கக்கா, தோலே” என்று மலாய்க்கார அதிகாரி கெஞ்சாத குறையாகச் சொன்னார். திரும்பிப் பார் அக்கா, அவ்வளவுதான். அவளுக்கோ தலை மட்டும் தனியாகத் திரும்பாது. இடுப்போடு சேர்த்து மொத்த உடம்பையும் திருப்பினாள். வண்டி அவளோடு சேர்ந்து திரும்பிக் கீழே சாய்ந்தது. மூன்றாவது முறை சாய்ந்தபோது அதிகாரியே ஓடிவந்து தூக்கிவிட்டு, “சைக்கிள் ஓட்டுங்க கக்கா, அதுக்கு லைசென் வேண்டாம்” என்றார். பாதுகாப்பு கருதித்தான் சொன்னார்.

கழுத்து அப்படி ஆனது 2008இல். தஞ்சோங் ரம்புத்தான் ஊருக்கு அந்தப் பக்கம் எல்ம்வூட் தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்கான செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். உர மூட்டைகளோடு பெண்களையும் ஏற்றிக்கொண்டு போன டிராக்டர், வாய்க்காலில் சரிந்தது. இருளாயி அப்போது பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் வந்த ஒவ்வொன்றும் அவள் கண்ணில் பட்டது. வாய்க்கால் முன்னால் இருந்தது.

நாலு மாதம் கழுத்துப்பட்டை போட்டிருந்தாள். ஈப்போ நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்க் கழுத்துப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். இரண்டு தடவை போனாள். அதற்குள் தோட்டத்துப் பக்கம் வந்துகொண்டிருந்த ஒரே பஸ்ஸும் நின்றுபோனது. கழுத்து அப்படியே தங்கிவிட்டது. தோட்டத்தைப் பிறகு வீடமைப்பு நிறுவனம் ஒன்று வாங்கியது. பழைய லயத்து வீட்டுக்குப் பதிலாக ஒரு மலிவு வீடு கிடைத்தது. வேலை ஏழு கிலோமீட்டர் தள்ளி, ஓடு செய்யும் தொழிற்சாலையின் கேன்டீனில். பாத்திரம் கழுவ, காய் நறுக்க. போக வர சைக்கிள்.

பின்னால் பார்க்க முடியாதவளுக்கு ரோடு என்பது முழுக்கக் காதுதான் என்பது முதல் மாதத்திலேயே புரிந்தது. கல்லுமலையிலிருந்து வரும் லோரி, பக்கத்தில் வருவதற்கு முன்பே தரையில் தெரியும். சைக்கிள் கைப்பிடி மெல்ல அதிரும். பள்ளிக்கூட பஸ்ஸில் ஏதோ ஒரு சன்னல் எப்போதும் கடகடவென்று ஆடும். கஞ்சில் எனும் பழைய சின்னக் காருக்கு ஒரு சத்தம், மழை நாளில் அதே காருக்கு வேறு சத்தம். ஒதுங்க வேண்டியது எதற்கு, ஒதுங்காமல் நேராகப் போக வேண்டியது எதற்கு என்று யாரும் சொல்லித்தராமலே பிடிபட்டது. பதினைந்து வருடத்தில் ஒரு வண்டியும் அவளை உரசியதில்லை. தொழிற்சாலையில் கார் வைத்திருந்த நாலு மேற்பார்வையாளர்களில் மூன்று பேர் எங்கேயாவது இடித்திருந்தார்கள்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, ஈப்போவிலிருந்து கிளம்பிய ஒரு சைக்கிள் கூட்டம் அவளைத் தாண்டிப் போனது. இருபது பேர் இருக்கும். உடம்போடு ஒட்டிய பளபளப்பான உடை, பாதி கார் விலையில் சைக்கிள். இரண்டு இரண்டு பேராக, சிலர் மூன்று மூன்று பேராகப் பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள். இரண்டொருவர் காதில் பாட்டு.

அவர்கள் வளைவை நெருங்கியபோது இருளாயியின் கைப்பிடி அதிர்ந்தது. கல்லு லோரி. சுமையோடு வருகிறது, வேகத்தைக் குறைக்கவில்லை. அவள் சைக்கிளைப் புல்லில் இறக்கிவிட்டு அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

“ஓரமா போங்க! லோரி! லோரி வருதுலா!”

முன்னால் போனவர்கள் திடுக்கிட்டு ஓரத்துக்குப் பாய்ந்தார்கள். ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். மூன்று நொடியில் லோரி, அவர்கள் இருந்த இடத்தைக் காற்றோடு சேர்த்து வாரிக்கொண்டு போனது. புழுதி அடங்கிய பிறகு கூட்டத்தின் தலைவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். தம்பிமுத்து, ஓய்வுபெற்ற பல் மருத்துவர். அறுபத்தாறு வயதுக்கு நல்ல உடம்பு. யாழ்ப்பாணத்துத் தமிழ் அவர் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கலையாமல் இருந்தது.

“அம்மா, எங்கட உயிரைக் காப்பாத்திப் போட்டீங்கள். எப்பிடிக் கண்டனீங்கள்? நீங்கள் திரும்பினதை நான் காணேல்லையே!”

“கேட்டுச்சு சார்.”

“ஆர் கேட்டது?”

“லோரி சத்தம் கேட்டுச்சுன்னு சொல்றேன்.”

டாக்டர் சிரித்தார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார். “கண் இமைக்கிற நேரத்திலை திரும்பிப் பார்த்திருக்கிறா. இதுதான் பழக்கம்!” என்று தன் ஆட்களிடம் சொன்னார். ஒருவருடைய ஹெல்மெட்டில் பின்பக்கம் பார்த்திருந்த கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. இரண்டு நாளில் நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். முதுகில் கண் உள்ள அக்கா என்று யாரோ பெயர் வைத்தார்கள்.

அதிலிருந்துதான் டாக்டருக்கு அந்த யோசனை வந்தது. சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பின்னால் வரும் வண்டிகளைக் கவனிக்க வேண்டும் என்று ஓர் இயக்கம். ‘திரும்பிப் பார்’ என்பது முழக்கம். தொடக்க விழா ஈப்போவில் ஒரு மண்டபத்தில். சிறப்பு விருந்தினர் இருளாயி.

“நான் போவல” என்றாள் இருளாயி, மகள் தினேஸ்வரியிடம். தினேஸ்வரி ஈப்போவில் கைப்பேசிக் கடையில் வேலை செய்கிறாள். டாக்டர் அவளைத்தான் தேடிப்பிடித்துப் பேசியிருந்தார்.

“ஏன்மா?”

“திரும்பிப் பாருன்னு சொல்றாங்க. எனக்கு எங்க திரும்புது?”

“அத யாரும்மா கேக்கப் போறா? போயி ஒக்காந்துட்டு, சாப்பிட்டுட்டு வந்துடலாம்.”

மண்டப வாசலில் இருளாயியின் படம் பத்தடி உயரத்தில் நின்றது. அதே சைக்கிள், அதே நீலச் சட்டை. தலை மட்டும் தோளுக்கு மேலாக முழுதாகத் திரும்பி, பின்னால் பார்த்துச் சிரித்தது. யாரோ கணினியில் திருப்பிவிட்டிருந்தார்கள். இருளாயி படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

“வலிக்காமலே திருப்பிட்டாங்க பாரு” என்றாள் மகளிடம்.

விழாவைத் தொடங்கிவைத்த பிரமுகர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். அவருடைய கார் வெளியே சைக்கிள் பாதையில் நிறுத்தப்பட்டிருந்தது. சாலையில் ஒருவருக்கொருவர் வழிவிட வேண்டும் என்று நெடுநேரம் பேசினார். பிறகு மேடையில் ஒரு சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தி, எப்படித் திரும்பிப் பார்ப்பது என்று செய்துகாட்டும்படி இருளாயியை அழைத்தார்கள். அவள் ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

“எனக்குக் கழுத்து திரும்பாதுங்க.”

அறிவிப்பாளர் சிரித்தார். உடனே எல்லோரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். இவ்வளவு நகைச்சுவையாகப் பேசுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இருளாயி கைத்தட்டல் முடியும்வரை காத்திருந்தாள்.

“நெசமாத்தான் சொல்றேன். திரும்ப முடிஞ்சவங்க திரும்பிப் பாருங்க. ஆனா காதைத் தொறந்து வச்சிருங்க. அது போதும்.”

அதற்கும் கை தட்டினார்கள். நிகழ்ச்சியின் ஆதரவாளர் ஒரு மின்பொருள் கடைக்காரர். அவர் சார்பாக அவளுக்கு ஒரு பரிசுப் பெட்டி தந்தார்கள். வீட்டுக்குப் போய்த் தினேஸ்வரி பிரித்தாள். காதுக்குள் செருகிப் பாட்டுக் கேட்கும் கருவி. வெளிச்சத்தம் ஒரு துளியும் உள்ளே வராது என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. மகள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அதைத் தானே எடுத்துக்கொண்டாள்.

மூன்று மாதம் கழிந்தது. ஒரு பிற்பகல், வேலை முடிந்து இருளாயி வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். ரோடு காலி. பின்னால் ஒன்றுமில்லை என்று காது சொன்னது. வழியில் ஒரு குழி. அதைத் தவிர்க்கச் சைக்கிளை ஓர் அடி வலப்பக்கம் எடுத்தாள். அவ்வளவுதான், கைப்பிடியில் ஏதோ தட்டியது. புல்லில் விழுந்தாள். இடக்கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

அவளைத் தாண்டி ஒரு வெள்ளைக் கார் சத்தமே இல்லாமல் போய் நின்றது. கதவு திறந்தது. தம்பிமுத்து ஓடிவந்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் ‘திரும்பிப் பார்’ உரை நிகழ்த்தப் போய்க்கொண்டிருந்தார். காரின் பின்னிருக்கையில் இருளாயியின் படம் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

“ஐயோ, அம்மா! நீங்களோ! திரும்பிப் பார்க்கேல்லையோ?”

இருளாயி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். பிறகு காரைப் பார்த்தாள். “அது ஓடுதா, நிக்குதா டாக்டர்?”

“ஓடிக்கொண்டுதான் இருக்குது. மின்சாரக் கார். வாங்கி ரெண்டு கிழமை.”

“சத்தமே இல்லாம வந்தா நான் எப்படித் தெரிஞ்சுக்குவேன்?”

“திரும்பிப் பார்த்திருக்கலாமே அம்மா…” என்று தொடங்கியவர் அவள் எழுந்திருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் தலையை அசைக்காமல், இடுப்பிலிருந்து மொத்த உடம்பையும் ஒரு பலகையைப் போலத் தூக்கி எழுந்தாள். டாக்டரின் முகம் மாறியது.

“அப்ப, அண்டைக்கு மேடையிலை சொன்னது பகிடி இல்லையோ?”

“பகிடின்னா?”

“விளையாட்டு.”

“இல்லங்க.”

கிளினிக்கில் எலும்பு முறியவில்லை என்றார்கள். மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டார்கள். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் பிறர் வாயைத் திறக்கவைத்தவருக்கு, தன் வாயைத் திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

“ஒரு சைக்கிள் முன்னாலை போறதைக் கண்டனான். நான் வாறது தெரியும் எண்டு நினைச்சுப் போட்டன். பிழை என்னிலைதான்.”

“சரி விடுங்க. பள்ளிக்கூடத்துல புள்ளைங்க காத்திருக்கும், போங்க.”

“போய் என்ன சொல்ல?”

அவள் யோசித்தாள். “கார்காரங்க முன்னாடி பாக்கணும்னு சொல்லுங்க.”

அவர் அன்று போகவில்லை. அடுத்த வாரம் போய் அதைச் சொன்னாராம். தலைமையாசிரியருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லையாம், பிள்ளைகளுக்கு ஏன் கார் ஓட்டும் பாடம் என்று. இயக்கத்தின் பெயரை மாற்ற வேண்டும் என்று தன் சைக்கிள் சங்கத்தில் பேசிப்பார்த்தார். சட்டைகள் ஏற்கெனவே அச்சாகிவிட்டன என்றார்கள்.

கை சரியாகும்வரை இருளாயி மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை. வீட்டில் இருந்தபோது முதல் முறையாகப் பயம் வந்தது. பதினைந்து வருடம் நம்பிய காது ஒரு பிற்பகலில் ஏமாற்றிவிட்டது. இனிமேல் அந்த மாதிரிக் கார்கள் கூடிக்கொண்டேதான் போகும் என்று தினேஸ்வரி சொன்னாள். “வேலைய விட்டுடுமா” என்றும் சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை தம்பிமுத்து வந்து, ஒரு சின்ன வட்டக் கண்ணாடியைத் தன் கையாலேயே சைக்கிள் கைப்பிடியில் பொருத்தினார். ஒரு பல்லைச் சரிசெய்வதுபோல் மெல்ல மெல்லச் சாய்த்து, அவள் உட்கார்ந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை விடவில்லை. இவ்வளவு சின்னப் பொருள் எல்லாக் கடையிலும் கிடைக்கும். பதினைந்து வருடத்தில் யாருக்கும் தோன்றவில்லை; அவளுக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பினாள். முதல் ஒரு கிலோமீட்டர் தலை சுற்றியது. சத்தங்களுக்கு முகம் இருந்தது. ஒரு காரில் இருந்தவன் அவளைப் பார்த்து வாயை அசைத்து ஏதோ திட்டினான். என்ன வார்த்தை என்றுகூட ஊகிக்க முடிந்தது. இது தெரியாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

குறுகிய பாலத்தில் ஏறியபோது பின்னால் ஒரு தண்ணீர் லோரி வந்தது. பத்து வருடமாக அதே நேரத்துக்கு வரும் லோரி. பாலத்தில் எப்போதும் முனகிக்கொண்டே ஊர்ந்து வரும். எஞ்சின் கிழடாகிவிட்டது, பின்னால் கேட்கும் ஹார்னும் அதற்காகத்தான் என்று நினைத்திருந்தாள். கண்ணாடியில் பார்த்தாள். ஓட்டுநர் ஒரு வயதான மலாய்க்காரர், பிரேக்கில் கால் வைத்து, நன்றாகத் தள்ளியே வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஏழெட்டு கார்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு ஊர்ந்தன. அவர் சன்னல் வழியாகக் கையை நீட்டி, பொறுங்கள் என்பதுபோல் அவர்களை அமர்த்தினார்.

பாலம் முடிந்ததும் இருளாயி ஓரம் ஒதுங்கி, கட்டுப் பிரித்த கையை உயர்த்தினாள். லோரி அவளைத் தாண்டியது, ஓட்டுநர் தலையசைத்தார். எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல வேகமாகப் போனது.