குப்பாயி என்றே எழுதுங்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை நாவலப்பிட்டியிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் குப்பாயி அக்காவின் தம்பி. “மிஸ், அக்கா விடியக்காலையில தவறிட்டாங்க” என்றார். நான் அழத் தொடங்குவதற்குள் அடுத்ததையும் சொன்னார்: “மரண அறிவித்தல்ல கீதான்னு போடுறோம். வேலை செஞ்சவங்களுக்கு நீங்க சொல்லிருங்க.”

கீதாவா? கண்டிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், ஒரே பிரசவ வாட்டில், இருபத்தைந்து வருடம் அவரோடு தாதியாக இருந்தவள் நான். அப்படி ஒருவரை எனக்குத் தெரியாது. அழுகை போய்க் கோபம் வந்தது. சண்டை பிடித்தேன். அவர் கேட்கவில்லை.

அந்தப் பேரின் கதையை அக்காவே சொல்லியிருக்கிறார். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அவருடைய அம்மாவுக்கு முதல் மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. நான்காவதாக இவர் பிறந்ததும், லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த குப்பைமேட்டில் போட்டுப் புரட்டி, யாரோ வீசிய பிள்ளையைப் போல எடுத்து வந்து குப்பாயி என்று பேர் வைத்தார்கள். வேண்டாத பிள்ளையென்று எமன் திரும்பிப் போய்விடுவானாம். அப்போது அந்த லயத்தில் மட்டும் மூன்று குப்பாயிகள். பள்ளிக்கூடம் போனதும் ஒருத்தி சாந்தி ஆனாள், இன்னொருத்தி ரஞ்சனி ஆனாள். அதன் பிறகு அந்தப் பேரை வைக்கத் தோட்டத்தில் ஆளில்லை. அக்கா மட்டும் மாற்றவில்லை.

“எமனையே ஏமாத்துன பேரு. சிரிக்கிறவனுக்குப் பயந்து மாத்துவேனா?” என்பார்.

வாட்டில் சிங்களத் தாதியர் யாரும் அந்தப் பேருக்குச் சிரித்ததில்லை; சிரித்ததெல்லாம் நம்மவர்கள்தான். ஒருமுறை நல்ல சம்பந்தம் கூடி வந்தது. கல்யாணக் கார்டில் கீதா என்று போடவேண்டும் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். பேர் மாற்றும் படிவத்தைத் தம்பியே வாங்கி வந்தார். அக்கா அதை நாலாக மடித்து அவருடைய சட்டைப் பையிலேயே வைத்தார். “அப்ப அந்தப் பேரையே கட்டிக்கிட்டு அழு!” என்று கத்தினார் தம்பி. அக்கா அழவில்லை. மறுநாள் பெயர்ப்பட்டியை நேராகக் குத்திக்கொண்டு வேலைக்கு வந்தார்.

அவர் ஓய்வு பெற்ற வருடம் செல்வி என்றொரு பெண் வந்தாள். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். மூன்றாவதைப் பார்க்கவே பயந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அக்கா தன் பெயர்ப்பட்டியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

“படிச்சுப் பாரு. எங்கம்மாவுக்கு மூணு போச்சு. நாலாவது நான். உன் முன்னால நிக்கிறேன்ல?”

செல்வி திரும்பிப் பிள்ளையை வாங்கினாள். வீட்டுக்குப் போகும் நாளில், “மிஸ், உங்க பேரையே வைக்கட்டுமா?” என்று கேட்டாள்.

“வை. ஸ்கூல்ல சிரிப்பாங்க. சண்டை போடவும் சொல்லிக் குடு” என்றார் அக்கா.

சாவு வீட்டுக் கேட்டில் கீதா என்றுதான் அறிவித்தல் ஒட்டியிருந்தது. நான் சொல்லி, மகளோடு வந்த செல்வி அதைப் படித்துவிட்டுத் தயங்கினாள். “இது வேற யாரோ. குப்பாயி, வா, அடுத்த வீட்டுல கேப்போம்” என்றாள்.

உள்ளே இருந்த தம்பி திடுக்கிட்டு எழுந்து வந்தார். ஒன்பது வயதுப் பிள்ளை நிமிர்ந்து அவரைப் பார்த்தது. “என் பேருதான் குப்பாயி” என்றது. சிரித்தால் அடித்துவிடும் போலிருந்தது.

அவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். “மிஸ், பேனா இருக்கா?”

கீதா என்பதைத் தன் கையாலேயே வெட்டிப் பெரிதாகக் குப்பாயி என்று எழுதினார்.

அக்கா, எமனை அறுபத்தெட்டு வருடம் காக்க வைத்தீர்கள். அவன் உங்களைத்தான் கூட்டிப் போனான், பேர் இங்கேயே இருக்கிறது. போய் வாருங்கள்.