வாய் திறக்க மறுத்த கார்டினல் மீன்

தொட்டியக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஒன்பது வருடம் பள்ளி வேன் ஓட்டி, முதுகு மக்கர் செய்த பிறகு, நாற்பதாவது வயதில் மீன் தொட்டிகளைப் பராமரிக்கும் வேலைக்கு வந்தாள். முதல் வருடம் மீன்கள் மளமளவென்று செத்தன. உப்பு, சூடு, வெளிச்சம் என்று ஒவ்வொன்றிலும் தப்புச் செய்து, தானே படித்து, கற்றுக்கொண்டாள். இப்போது ஏழு இடத்துத் தொட்டிகள் அவள் பொறுப்பு.

அதில் ஒன்று பல் ஆஸ்பத்திரி. அங்கே காத்திருக்கும் அறைத் தொட்டியில், மற்ற மீன்களோடு ஒரு ஜோடி கார்டினல் மீன்கள். பவளத்திட்டுகளில் வாழும் இனம். வெள்ளி உடம்பு, மூன்று கறுப்புப் பட்டை, பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். ஒரு திங்கட்கிழமை காலை டாக்டரம்மா அவளை வாசலிலேயே மடக்கினார்.

"அக்கா, ஒரு மீனுக்குத் தாடை வீங்கியிருக்கு. ஒரு வாரமா எதுவும் சாப்பிடல. வர்றவங்க எல்லாம் அதையே பார்க்கறாங்க. எடுத்துடுங்களேன்."

"நீங்க பார்க்காத தாடை வீக்கமா டாக்டர்?" என்று சிரித்தாலும் அவளுக்குத் திக்கென்றது. நோயென்றால் தொட்டியே காலி.

இறால் துணுக்கை மீனின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அது திரும்பிக்கொண்டது. அவள் டாக்டரிடம் டார்ச் வாங்கி, கண்ணாடியில் மூக்கு ஒட்டக் குனிந்து நின்றாள். அரை மணி நேரம் ஆனது. திடீரென்று மீன் வாயை அகலத் திறந்து, உள்ளே இருந்ததைப் புரட்டிப் போட்டு, பட்டென்று மூடிக்கொண்டது. அத்தனையும் ஆரஞ்சு நிற மணிகள்!

"டாக்டர், ஓடி வாங்க! வீக்கமில்ல, முட்டை! வாய் நிறைய முட்டை!"

கையுறையோடு டாக்டர் ஓடி வந்தார். நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்தவர் அப்படியே எழுந்து எட்டிப் பார்த்தார்.

"அப்போ இது அம்மாவா?"

"அப்பா டாக்டர், அப்பா! அம்மா முட்டை போட்டதோட சரி. குஞ்சு வெளிய வர்ற வரைக்கும் இவன்தான் வாயிலயே வச்சுக் காப்பாத்தணும். மூணு வாரத்துக்கு மேல பட்டினி. படிச்சிருக்கேன், இப்பத்தான் கண்ணால பார்க்கறேன்!"

இந்தத் தொட்டியில் குஞ்சுகள் வெளியே வந்தால் மற்ற மீன்கள் ஒரே வாயில் முடித்துவிடும். வலை போட்டால் அப்பா மீன் பயந்து முட்டைகளைத் துப்பிவிடும். கண்ணாடி ஜாடி ஒன்றைத் தண்ணீருக்குள் சாய்த்து, விரலால் மெல்ல மெல்ல அவனை உள்ளே நகர்த்தினாள். ஆட்டோவில் வீடு போகும்வரை ஜாடியை மடியிலேயே வைத்திருந்தாள். வீட்டில் ஒரு காலித் தொட்டியில் அவனைத் தனியாக விட்டாள்.

அவள் வீட்டுக்காரருக்கு வயரிங் வேலை. "கடல்ல இதுங்க குஞ்சு எங்க ஒளியும்?" என்று கேட்டார்.

"கடல் மூரைன்னு ஒரு பிராணி, பந்து மாதிரி, உடம்பெல்லாம் நீளநீளமா முள்ளு. அந்த முள்ளுக்கு நடுவுல."

அவர் தன் பையிலிருந்த, ஒயர்களைக் கட்டும் கறுப்பு கேபிள் டைகளை ஒரு பிளாஸ்டிக் பந்தில் குத்தி, அச்சு அசலாக ஒரு முள் உருண்டை செய்து தொட்டியில் போட்டார். அவள் குஞ்சுகளுக்குத் தீனியாக, பொடி இறால் முட்டைகளை உப்புத் தண்ணீரில் போட்டுக் குஞ்சு பொரிக்க வைத்தாள்.

பதினைந்தாம் நாள் மதியம், அவள் தட்டில் சோறு போட்டுக்கொண்டு தொட்டியைப் பார்த்தாள். மீனின் உதடுகளுக்கு நடுவே இரண்டு கண்கள் எட்டிப் பார்த்தன!

"என்னங்க! வர்றாங்க!"

மீன் வாயைத் திறந்தது. ஒன்று, இரண்டு, நாலு என்று அரிசி அளவு குஞ்சுகள் தெறித்து விழுந்தன. ஒவ்வொன்றிலும் அப்பனுடைய அதே மூன்று பட்டை. விழுந்த வேகத்தில் கேபிள் டை முட்களுக்குள் பாய்ந்து ஒளிந்தன. வீட்டுக்காரர் மூன்று தரம் எண்ணி மூன்று கணக்குச் சொன்னார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கை கழுவாமலே டாக்டருக்கு போன் போட்டாள்.

முப்பத்தொன்றில் பத்தொன்பது பிழைத்தன. பத்தை டாக்டர் வாங்கிக்கொண்டார்; மற்றவை வீட்டிலேயே வளர்ந்தன. மாதங்கள் கழித்து ஒரு நாள், அவள் ஒரு வங்கியின் தொட்டியில் தோள்வரை கையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டார்.

"நம்ம குஞ்சுங்கள்ல ரெண்டு பேர் ஜோடி சேர்ந்துட்டாங்க. மத்தவங்களை மூலைக்குத் துரத்தறாங்க!"

"ஜோடியைத் தனியா விடுங்க, இதோ வரேன்!" என்று கத்தினாள். வரிசையில் நின்றவர்கள் என்னவோ ஏதோவென்று திரும்பிப் பார்த்தார்கள்.